டெம்ப்ஸ்டர் சாலையில் ஓய்வுக்காலத் தம்பதியும் நாயும்: ஒரு பயணக் கணக்கு

கனடாவின் யூகானில், டாசன் நகரத்துக்குச் சுமார் 40 கி.மீ. முன்பாக, க்ளோண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சரளைச் சாலை வடக்கே பிரிகிறது. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, இரண்டு பெரிய ஆறுகளைப் படகில் கடந்து, சுமார் 740 கி.மீ. ஓடி இனுவிக்கை அடைகிறது. 1979இல் திறந்த டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை இது. 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக் ஊர் வரை இன்னும் 140 கி.மீ. அளவுக்குச் சாலை நீண்டது. கனடாவில் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டே ஆர்க்டிக் கடலைத் தொட இது ஒன்றுதான் வழி.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், நாயையும் ஏற்றிக்கொண்டு, கோடையில் இங்கே வருகிறார்கள். நேரம் கையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாலை இல்லை என்றே சொல்வோம். அவசரப்படுகிறவர்களைத்தான் இது தண்டிக்கும். ஆனால் அறுபதைக் கடந்த இருவரும் ஒரு நாயும் போகும் பயணத்துக்கு, இளைஞர்கள் எழுதிய குறிப்புகள் போதா. இங்கே தூரத்தைக் கணக்கிடும் முறையே வேறு. அடுத்த ஊர் எங்கே என்பதோடு, அடுத்த மருத்துவர், அடுத்த டயர் கடை, அடுத்த கால்நடை மருத்துவர் எங்கே என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடைகள் ஒன்றுபோல இருக்காது.

டயர் ஒட்ட, கிளம்பும் இடத்தை விட்டால் அடுத்தது, சாலை பிரியும் இடத்திலிருந்து 369ஆம் கி.மீ.யில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ் என்ற நிறுத்தம்தான். மனிதர்களுக்கு டாசனிலும் இனுவிக்கிலும் மருத்துவமனை உண்டு. நடுவில் ஃபோர்ட் மெக்பர்சனில் ஒரு சுகாதார நிலையம். நாய்க்கு நம்பிப் போகக்கூடிய நிரந்தர மருத்துவமனை என்றால் வைட்ஹார்ஸ் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அது டாசனுக்கே 530 கி.மீ. தெற்கே இருக்கிறது. ஆகவே இனுவிக்கில் நாய்க்கு ஏதாவது ஆனால், 1,200 கி.மீ.க்கு மேல் திரும்பி ஓட்ட வேண்டும், அதில் பாதிக்கு மேல் சரளை. மூவரில் உதவிக்கு மிகத் தொலைவில் இருப்பது நாய்தான். வேகம், நிறுத்தம், சாமான் எல்லாவற்றையும் அதன் கணக்கில் வைத்தால் மனிதர்களும் வண்டியும் தாமாகவே பத்திரமாகிவிடுகிறார்கள்.

எப்போது போவது

ஜூன் தொடக்கத்தில் பீல், மெக்கென்சி ஆறுகளில் பனிக்கட்டி உடைந்து போன பிறகுதான் படகுகள் ஓடத் தொடங்கும். அக்டோபர் இறுதிவாக்கில் ஆறு உறையும்போது நிற்கும். பிறகு பனிக்கட்டி மேலேயே வண்டி போகும் குளிர்காலப் பாதை. இடைப்பட்ட வாரங்களில் படகும் இல்லை, பனிப்பாதையும் இல்லை. ஜூன் முதல் பாதியில் பீல் ஆறு பெருக்கெடுத்து மரக்கட்டைகளை இழுத்து வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். இக்கரையில் காத்திருக்க இரண்டு நாள் உபரி எப்போதும் கையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளுக்கு உங்களுக்கும் நாய்க்கும் சாப்பாடு, மாத்திரை எல்லாம் இதில் அடக்கம்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை கொசுவும் கருப்பு ஈயும். நாயோடு போகிறவர்களுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை சிறந்த காலம். டூம்ஸ்டோன் மலைச்சரிவில் குட்டைப் புதர்கள் செம்மையும் மஞ்சளுமாக மாறும். பூச்சி குறைந்துவிடும். இரவு ஓரளவு இருட்டாவதால் வட துருவ ஒளி தெரிய வாய்ப்புண்டு. நாயும் நன்றாகத் தூங்கும். நடுக்கோடையில் இனுவிக்கில் ஏறத்தாழ எட்டு வாரம் சூரியன் மறைவதே இல்லை. இரவு பதினொரு மணிக்குப் பளிச்சென்று வெயில் அடித்தால் நாய் எழுந்து உட்கார்ந்துகொள்ளும், உங்களையும் எழுப்பும். ஜூனில்தான் போக முடியும் என்றால் வண்டியின் கண்ணாடி அளவுக்கே வெட்டிய கறுப்புத் துணி அல்லது அலுமினிய மடிப்புத் தகடுகள் கட்டாயம். செப்டம்பரில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை வண்டியில் விடாமல் உடலோடு ஒட்டித் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் வேலை செய்யாது.

சாலையின் இயல்பு

இந்தச் சாலை நிரந்தர உறைநிலத்தின் மேல் கிடக்கிறது. நிலம் இளகிவிடாமல் காப்பதற்காக 1.2 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை கனமாகச் சரளை கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். இதனால் இரண்டு விளைவுகள். ஓரம் எங்கும் மெத்தென்று சரியும் தன்மை உடையது; எதிரே லாரி வருகிறதே என்று மிகவும் ஒதுங்கினால் சக்கரம் புதைந்து வண்டி சரிவில் இறங்கும். நாய்க்கு இறங்கி நடக்க இடம் வேண்டும் என்று நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. ஒதுங்குமிடங்களிலும் சரளைக் குழிகளின் முகப்புகளிலும் மட்டுமே நிறுத்துங்கள். சில இடங்களில் சாலை திடீரென்று அகன்று நேராக ஓடும். அது அவசர விமான ஓடுதளம். அங்கே நிறுத்தக் கூடாது.

கொட்டியிருக்கும் கல் பல பகுதிகளில் உள்ளூரிலேயே உடைத்த களிப்பாறை. தட்டுத் தட்டாக உடைந்து விளிம்பு கத்திபோல நிற்கும். டயரின் நடுப்பகுதியை அது துளைப்பதைவிடப் பக்கச் சுவரைக் கிழிப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் பக்கச் சுவர்க் கிழிசலைப் பஞ்சர் திரியால் அடைக்க முடியாது. வழக்கமான கார் டயரின் பக்கச் சுவர் மெல்லியது. எல்.டி. எனப்படும் இலகு லாரி வகை, பத்து அடுக்குக்கு நிகரான லோட் ரேஞ்ச் ஈ டயர்கள் நான்கும், அதே அளவில் முழு ஸ்டெப்னி இரண்டும் வேண்டும். புது வண்டிகளில் கொடுக்கும் மெலிந்த தற்காலிகச் சக்கரத்தை நம்பவே கூடாது. பொதுவாக அதற்கு விதித்திருக்கும் எல்லை 80 கி.மீ. தூரம், ஈகிள் பிளெயின்ஸுக்கு இருபுறமும் அடுத்த கடை அதைவிட வெகுதூரம் தள்ளி இருக்கிறது.

காற்றைச் சரளைக்காக எவ்வளவு குறைப்பது என்பதில் ஓட்டுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தார்ச்சாலை அளவிலிருந்து பத்து முதல் பதினைந்து சதவீதம் குறைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 50 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் 43, 44. இதனால் டயர் கல்லின் மேல் சற்று வளைந்து கொடுக்கும், அதிர்வும் குறையும். மேலும் இறக்கினால் பக்கச் சுவர் வெளியே பிதுங்கி அந்தக் கத்தி விளிம்புகளுக்கே இரையாகும், டயரும் சூடேறும். பாரம் அதிகம் ஏற்றியிருந்தால் பின் சக்கரங்களைத் தொடாதீர்கள். பன்னிரண்டு வோல்ட் காற்றடிக்கும் பம்பு, அளவுமானி, பஞ்சர் திரிப் பெட்டி மூன்றும் நாயின் கூண்டுக்கு அடியில் போகாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வேகம்: காய்ந்த நல்ல பகுதியில் 70, கல் துருத்திய பகுதியில் 50. இதற்கு மேல் போனால் பஞ்சர் வாய்ப்பு கூடும். எதிரே லாரி தெரிந்ததும் வேகத்தை நன்றாகக் குறைத்து வலப்பக்கம் நகர்ந்து, அது கடந்து புழுதி அடங்கும் வரை மெதுவாகப் போங்கள். கல் வந்து முன் கண்ணாடியில் அடிக்கும் விசை இரண்டு வண்டிகளின் வேகத்தையும் கூட்டியதைப் பொறுத்தது. உங்கள் பங்கைக் குறைத்தால் பெரும்பாலும் சிறு புள்ளியோடு போகும். புள்ளி விழுந்த உடனே அதன்மேல் தெளிவான டேப் ஒட்டுங்கள், உள்ளே மண் போகாமல் இருந்தால்தான் பிறகு பிசின் ஊற்றி நிரப்ப முடியும். முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும்.

மழை பெய்தால் வேறு சாலை ஆகிவிடும். புழுதி அடங்கவும் மேற்பரப்பு இறுகவும் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். ஈரத்தில் அது சேறோடு கலந்து வழுக்கும், பிறகு வண்டிக்கு அடியில் சிமென்ட் மாதிரி இறுகும். சேறு சக்கரத்தின் உட்புறத்தில் ஒருபக்கமாக ஒட்டிக் காய்ந்தால், திரும்பித் தார்ச்சாலை ஏறியதும் வண்டி நடுங்கும். டயரோ ஸ்டியரிங்கோ கெட்டுவிட்டது என்று பயப்படாமல், முதலில் ஒரு குச்சியால் சக்கரத்தின் உள்விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். நல்ல மழை என்றால் ஒருநாள் முகாமிலேயே இருந்துவிடலாம். ஓய்வுபெற்றவர்களுக்கு இந்தச் சாலையில் இருக்கும் பெரிய சலுகை அதுதான்.

எரிபொருள் கணக்கு எளிது, ஆனால் தப்பக் கூடாது. டாசனில் நிரப்பினால் ஈகிள் பிளெயின்ஸ் வரை 40உம் 369உம் சேர்ந்து 409 கி.மீ. நூறு கி.மீ.க்கு 14 லிட்டர் குடிக்கும் பிக்கப் வண்டிக்கு 57 லிட்டர். சரளை, மேடு, எதிர்க்காற்று, சூடாக்கி ஓட நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 69 லிட்டர். டாங்கு அதைவிடச் சிறியது என்றால் 20 லிட்டர் கேன் ஒன்று வேண்டும். அது வண்டிக்கு வெளியே, கூரையிலோ பின்புறத் தாங்கியிலோ கட்டப்பட வேண்டும். நாயும் பெட்ரோல் கேனும் ஒரே அறையில் பயணிக்கவே கூடாது. ஈகிள் பிளெயின்ஸிலிருந்து ஃபோர்ட் மெக்பர்சன் 180 கி.மீ. சொச்சம், அங்கிருந்து இனுவிக் அதே அளவு, அங்கெல்லாம் கிடைக்கும். கடை மூடும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு சக்கர இழுவை வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோடையில் அது அவசியம் இல்லை. தரையிலிருந்து உயரமும் நல்ல டயரும் அதைவிட முக்கியம். பெரிய மோட்டார் ஹோம் வேண்டாம். படகுத்துறையின் சாய்தளம் சரளையால் ஆனது, ஆற்று மட்டம் ஏறி இறங்க அதை மாற்றி அமைப்பார்கள். பின்பக்கம் நீளமாகத் துருத்தும் வண்டிகள் அங்கே அடிபடும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். இந்தச் சாலைக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருப்பது வழக்கம்.

நாய்

வைட்ஹார்ஸைத் தாண்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், வீட்டிலிருந்து கிளம்புமுன் காட்டியிருந்தாலும் சரி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி காலாவதியாகாமல் இருப்பது இங்கே வெறும் காகித விஷயம் இல்லை. வடமேற்குப் பிரதேசத்தில் நரிகளிடையே வெறிநோய் நிலையாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. இனுவிக், டுக்டோயாக்டுக் பகுதியில் பயமில்லாமல் நெருங்கி வரும் நரி அழகாக இருக்கிறது என்று நாயை அருகே விடாதீர்கள். வேட்டைக்காரர்கள் விட்டுப்போன கரிபு மான் குடல், எலும்பு எதையும் தின்ன விடக் கூடாது. நாடாப்புழு அந்த வழியாகத்தான் நாய்க்கு வரும், நாய் வழியாக மனிதருக்கும் வரலாம்.

உணவு: 25 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு 350 முதல் 400 கிராம் உலர் உணவு. இரண்டு வாரப் பயணத்துக்கு ஐந்தரைக் கிலோ போதும் என்று கணக்கு வரும். எட்டுக் கிலோ எடுங்கள். குளிரில் அதிகம் கேட்கும், படகு நிற்கலாம், பழகிய உணவு வழியில் கிடைக்காது. உணவு மாறினால் வயிற்றுப்போக்கு, வண்டிக்குள் வயிற்றுப்போக்கு என்றால் பயணமே நரகம். தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, அதாவது ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர். மனிதர் இருவருக்கும் குடிக்க, சமைக்க எட்டு லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு நிரம்பியிருந்தால் நாலு நாள் ஓடும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்; அதில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். நாய்க்கும் அதே தண்ணீரைக் கொடுங்கள். சாலையோரக் குட்டையை நக்க விடவே கூடாது, அதில் கால்சியம் குளோரைடு இறங்கியிருக்கும்.

பாதம்தான் நாயின் டயர். அதே களிப்பாறை அதன் உள்ளங்காலையும் கிழிக்கும், அதே உப்பு விரலிடுக்கில் எரியும். நக்கினால் வாய் புண்ணாகும், வாந்தி வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுவதற்கு முன் ஒரு சிறு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு பாதமும் முக்கி, விரலிடுக்கைத் துடைத்து, காய்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் போதும். காலுறை மாதிரி மாட்டும் நாய்ச் செருப்புகள் எட்டு வேண்டும், நான்கு தொலையும். வீட்டிலேயே இரண்டு வாரம் போட்டுப் பழக்காவிட்டால் நாய் அங்கே அவற்றைப் பல்லால் கழற்றி எறியும். உள்ளங்கால் கிழிந்தால் உப்பு நீரில் கழுவி, மருந்துத்துணி வைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் பட்டைத் துணியால் சுற்றி, செருப்பை மேலே மாட்டுங்கள். பட்டைக்குள் விரல் நுழையும் அளவு தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கினால் கால் வீங்கும். மனிதர்களின் வலி மாத்திரை, இபுபுரூஃபனோ பாரசிட்டமாலோ, நாய்க்குக் கொடுக்கக் கூடாது. நாய்க்கான வலிமருந்தை அதன் எடைக்கு ஏற்ற அளவோடு மருத்துவரிடமே வாங்கி, அளவை டப்பா மேல் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் மில்லிகிராம் கணக்கு வராது.

வயதானவர்கள் யோசிக்காமல் விடுவது தூக்குகிற விஷயம். முப்பது கிலோ நாய் காலை ஊன்ற முடியாமல் ஓடைக்கரையில் படுத்துவிட்டால், அறுபத்தைந்து வயது முதுகு அதை வண்டி வரை கொண்டுவருமா? இரண்டு பேர் பிடிக்கக் கைப்பிடி உள்ள துணித் தூளி மலையேறும் பைக்குள் அடங்கும். அது இல்லாவிட்டால் இரண்டு மீட்டர் தார்ப்பாய். நாயை அதன்மேல் நகர்த்தி, முனைகளைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கலாம். வீட்டு முற்றத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். நடக்கும் தூரத்தையும் அதை வைத்தே முடிவு செய்யுங்கள். டூம்ஸ்டோன் பூங்காவில் கிரிஸ்லி ஏரிப் பாதை ஒரு வழிக்கே சுமார் 11 கி.மீ.; அதைவிட, அதே பூங்காவின் கோல்டன்சைட்ஸ் பாதை சிறியது, மலைத்தொடர் முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும், பாதியில் திரும்பினாலும் இழப்பில்லை.

வண்டிக்குள் நாய்க்குக் கட்டிவைத்த கூண்டு அல்லது இருக்கைப் பட்டியில் கொக்கி மாட்டும் மார்புப் பட்டை. சும்மா பின்னிருக்கையில் படுத்திருக்கும் நாய், பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது காற்றில் எழும்பும். பிக்கப்பின் பின்பெட்டிக்குள் நாயை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால் புழுதி கதவிடுக்கு வழியாக உள்ளே உறிஞ்சப்படும். அங்கே சுவாசிப்பது நாய். கிளம்பும் முன் பின்கதவின் இடுக்குகளைக் காகித டேப்பால் அடைத்து, கேபின் காற்று வடிகட்டியைப் புதிதாக மாற்றி, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லாரி கடக்கும்போது காற்றை உள்சுற்றுக்கு மாற்றி, கடந்ததும் வெளிக்காற்றுக்குத் திருப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடத்துவது நாயின் மூட்டுக்கும் உங்கள் கால் ரத்த ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

இறக்கும்போதெல்லாம் கழுத்தில் வார், இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், சுருள்பெட்டி வார் வேண்டவே வேண்டாம். அவிழ்த்துவிட்ட நாய் புதருக்குள் ஓடிக் கரடியைக் கிளப்பிவிட்டு, பயத்தில் உங்களிடமே திரும்பி ஓடி வரும். பின்னால் கரடியும் வரும். மூஸ் மானுக்கு நாய் என்றால் ஓநாய் நினைவு. குட்டியோடு இருக்கும் மூஸ் முன்காலால் மிதித்துவிடும். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் 225 கிராமுக்குக் குறையாத கேன் ஆளுக்கு ஒன்று, காலாவதித் தேதி பார்த்து, இடுப்பில். பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். வெயிலில் நின்ற வண்டியின் முன்பலகையில் வைத்தால் வெடிக்கும். இருவரில் ஒருவர் நாயைப் பிடிப்பவர், மற்றவர் தெளிப்பவர் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். முகாமில் நாயின் உணவுப் பையும் தட்டும் மனிதச் சாப்பாட்டைப் போலவே வாசனைப் பொருள். தின்று முடித்ததும் தட்டைக் கழுவி வண்டிக்குள் பூட்ட வேண்டும். நாயைக் கூடாரத்துக்கு வெளியே கட்டிவைத்துத் தூங்குவதை நாங்கள் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டோம்.

கருப்பு ஈ வயிற்றின் முடியில்லாத தோலிலும் காதுக்குள்ளும் கடிக்கும். வட்டம் வட்டமாகச் சிவப்புப் புள்ளி வரும், பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் தானே ஆறும். மனிதர்கள் பூசும் டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்தை நாய்மேல் பூசாதீர்கள், அது நக்கும். நீங்கள் பூசிய கையால் தடவுவதும் அப்படியே. வலைத்துணிச் சட்டையும் முகவலையும் கிடைக்கின்றன. முள்ளம்பன்றி முள் குத்தினால் முள்ளை வெட்டிவிடக் கூடாது. தோலுக்கு ஒட்டிக் குறடால் பிடித்து, நுழைந்த கோட்டிலேயே நேராக இழுக்க வேண்டும். நாலைந்து முள் என்றால் செய்யலாம். முகம் முழுக்க, வாய்க்குள்ளும் என்றால் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும், அதற்குத் திரும்பி வைட்ஹார்ஸ்.

உதவிக்கு அழைப்பது

கைப்பேசிக் கோபுரம் ஊர்களில் மட்டும் உண்டு. இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு எதுவும் இல்லை. புது ஐபோனில் செயற்கைக்கோள் எஸ்.ஓ.எஸ். இருக்கிறதே என்று நம்பி வருகிறவர்களுக்கு ஒரு முக்கியத் தகவல்: 62 டிகிரி வட அட்சத்துக்கு மேலே அது வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. டெம்ப்ஸ்டர் தொடங்குவதே ஏறத்தாழ 64 டிகிரியில். இரிடியம் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தும் கார்மின் இன்ரீச் போன்ற கருவி துருவம் வரை பேசும். சந்தாவை வீட்டிலேயே தொடங்கி, ஒரு செய்தி அனுப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். இருவருக்கும் அதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், கருவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கே ஏதாவது ஆகலாம்.

இடத்தைச் சொல்லும்போது கவனம். யூகான் எல்லை 465ஆம் கி.மீ.யில் முடிந்ததும், வடமேற்குப் பிரதேசத்தில் கி.மீ. பலகைகள் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குகின்றன. "74ஆம் கிலோமீட்டர்" என்றால் அது டூம்ஸ்டோன் பக்கமாகவும் இருக்கலாம், பீல் படகுத்துறையாகவும் இருக்கலாம். எந்தப் பிரதேசம் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். எல்லையில் கோடையில் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. படகின் கடைசி நேரத்தை அந்த ஊர்க் கணக்கில் பாருங்கள். எல்லைக்குத் தெற்கே, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் காற்று வீசும் ஒரு பகுதி உண்டு, லாரிகளையே புரட்டியிருக்கிறது. அங்கே நாயை இறக்குவதானால் கதவை ஒரே பக்கம், காற்று மறைவில் திறங்கள். காற்றுப் பக்கக் கதவு கையிலிருந்து பறந்து கீலோடு வளைந்துவிடும்.

மாகாண மருத்துவக் காப்பீட்டை மட்டும் நம்பி வராதீர்கள். வேறு மாகாணத்திலோ பிரதேசத்திலோ ஆம்புலன்ஸ், விமானத்தில் கொண்டுபோவது போன்றவற்றின் செலவை அது பொதுவாக ஏற்பதில்லை. விமான மீட்பு உள்ளடங்கிய பயணக் காப்பீடு எடுங்கள். அதோடு இன்னொரு கேள்விக்கும் விடை வேண்டும்: ஒருவரை விமானத்தில் கொண்டுபோனால், நாயும் வண்டியும் யாரோடு? தனியாக ஒருவர் அதே நாள் ஓட்டித் திரும்ப முயல்வதைவிட, அருகிலுள்ள ஊரில் இரண்டு நாள் தங்கித் தெளிந்த பிறகு ஓட்டுவது நல்லது. அதற்கான பணத்தை ரொக்கமாக வைத்திருங்கள். இருவருக்கும் ஜாக்கி வைத்துச் சக்கரம் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். சரளையில் ஜாக்கி புதையும்; 30 செ.மீ. சதுர ஒட்டுப்பலகை ஒன்று அடியில் வேண்டும். நாயை முதலில் சாலைக்கு எட்டாத பக்கம் கட்டிவிட்டு வேலை தொடங்குங்கள். மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை 80 கி.மீ. ஓட்டியதும் மறுபடி முடுக்க வேண்டும், அதிர்வில் தளர்ந்திருக்கும்.

இந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த டெம்ப்ஸ்டர், நாய்கள் இழுக்கும் பனிவண்டியில் இதே நிலத்தைக் கடந்த காவலர். 1910 டிசம்பரில் ஃபோர்ட் மெக்பர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பிய ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அதிகாரியின் நால்வர் குழு திரும்பவில்லை. வேகமாகப் போவதற்காகச் சுமையைக் குறைத்து, உணவையும் குறைத்து, வழி தெரிந்த, குவிச்சின் என்ற பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டியை இடையிலேயே அனுப்பிவிட்டிருந்தார் அவர். வழி தப்பித் திரும்பும்போது தங்கள் நாய்களையே கொன்று தின்ன நேர்ந்தது. 1911 மார்ச்சில் டெம்ப்ஸ்டர், ஒரு குவிச்சின் வழிகாட்டியோடு தேடிப்போய் நால்வரின் உடல்களைக் கண்டெடுத்தார். ஃபோர்ட் மெக்பர்சனில் அவர்கள் கல்லறை இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். டூம்ஸ்டோன் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் நிலம், பீல் ஆற்றங்கரை குவிச்சின் மக்களுடையது, கடலோரம் இனுவியாலுயிட் மக்களுடையது. எங்கே தண்ணீர் ஏறியிருக்கிறது, எங்கே கரடி நடமாட்டம் என்பதை ஊரில் கேட்டால் சொல்வார்கள். சாலை நிலவரத்தை டாசனில் உள்ள தகவல் மையத்திலும் இரு பிரதேசங்களின் நெடுஞ்சாலைத் தளங்களிலும் அன்றன்று காலை பாருங்கள். ஊர்களில் கட்டிவைத்திருக்கும், பனிவண்டி இழுக்கும் நாய்கள் வளர்ப்புச் செல்லங்கள் இல்லை, வேலை நாய்கள். உங்கள் நாயை அவற்றின் சங்கிலி வட்டத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

நாள் கணக்கு

டாசனிலிருந்து டுக்டோயாக்டுக் போய்த் திரும்பப் பத்து நாள் என்பது குறைந்தபட்சம், பதினான்கு நாள் என்றால் நிம்மதி. 71ஆம் கி.மீ.யில் உள்ள டூம்ஸ்டோன் முகாமில் முதலில் இரண்டு இரவு. நாய்க்கும் மனிதருக்கும் இது சோதனைக் களம். செருப்பு கழன்றதா, தூங்கியதா, யாருக்கு மூட்டு வலித்தது என்று பார்த்து, இங்கேயே திரும்பினாலும் இந்தச் சாலையின் மிக அழகான பகுதியைப் பார்த்தாயிற்று. பிறகு எஞ்சினியர் க்ரீக், ஈகிள் பிளெயின்ஸ். பீலைக் கடந்ததும் நிடாயின்லாயி முகாம். மெக்கென்சியைக் கடந்து இனுவிக்கில் மூன்று இரவு. துணி துவைக்கவும் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவவும் ஒரு நாள் அதில் போகும். படகுகளுக்குக் கட்டணம் இல்லை. படகில் நாயை வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள், எஞ்சின் சத்தத்தில் மிரளும். டுக்டோயாக்டுக்குக்கு ஒரு நாள் போய்த் திரும்பலாம். வழியில் தெரியும் குன்றுகள் பிங்கோ எனப்படும், உள்ளே பனிக்கட்டி கொண்டவை. இப்யுக் பிங்கோ சுமார் 49 மீட்டர் உயரம். துந்திரம் எனப்படும் மரமில்லாத துருவச் சமவெளியில் நாயை ஓட விடாதீர்கள், தரையிலேயே கூடு கட்டும் பறவைகள் அங்கே இருக்கின்றன.

திரும்பி டாசன் வந்ததும் நாயின் குளியலுக்கு முன்னால் வண்டியின் குளியல். கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பிரேக் குழாய்களைத் துருப்பிடிக்க வைக்கும். அடிப்பகுதி, சக்கர வளைவு, ரேடியேட்டர் முகப்பு, ஸ்டெப்னி தொங்கும் இடம் எல்லாம் அழுத்தத் தண்ணீரால், சேறு ஊறிய பிறகு இரண்டாம் முறையும் அடியுங்கள். காற்று வடிகட்டியை மாற்றி, டயர் காற்றைத் தார்ச்சாலை அளவுக்கு ஏற்றுங்கள். வைட்ஹார்ஸில் நாயின் மலத்தை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஜியார்டியா தொற்றியிருந்தால் ஓரிரண்டு வாரம் கழித்துத்தான் வயிறு காட்டும், ஆகவே வீடு போய்ச் சேர்ந்த பிறகும் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை சோதிப்பது நல்லது.